மாரடைப்புக்குப் பின் மைக்ரோகிளியா: அடக்க வேண்டிய செல்லா, இடமும் காலமும் பார்த்து அணுக வேண்டிய செல்லா?

மாரடைப்பை இதயத்தின் நோயாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். கரோனரி தமனி அடைபடுகிறது. அதற்கு அப்பால் இரத்தம் கிடைக்காத தசை மடிகிறது. மடிந்த இடத்தில் வடு விழுகிறது. எஞ்சிய தசை கூடுதல் சுமையைத் தாங்கித் தாங்கி விரிந்து தளர்கிறது. பாடநூல்கள் சொல்லும் இந்த வரிசையில் தவறில்லை, ஆனால் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருக்கிறது. எலியின் இடது கரோனரி தமனியை நூலால் கட்டி மாரடைப்பை உண்டாக்கிவிட்டுச் சில வாரங்கள் கழித்து அதன் மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயமேற்றிப் பார்த்தால், ஹைபோதலாமஸின் ஒரு சிறு பகுதியில் நோய் எதிர்ப்புச் செல்கள் உருமாறிக் கிடக்கின்றன. நீண்டு மெலிந்திருந்த கிளைகள் குறுகித் தடித்துவிட்டன. செல்லின் உடல் பருத்திருக்கிறது. மெல்போர்னிலுள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எமிலியோ படோயரின் குழு இதை 2010இல் வெளியிட்டது. அந்த எலிகளின் மூளையை யாரும் தொடவில்லை. காயம் முழுவதும் மார்புக்குள்தான்.

உருமாறிய அந்தச் செல்கள் மைக்ரோகிளியா. இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்புக்குப் பிந்தைய துடிப்புக் கோளாறு ஆகிய மூன்றிலும் இவற்றின் பங்கைப் பற்றி அதன் பிறகு ஏராளமான ஆய்வுகள் வந்துள்ளன. பெரும்பாலானவை ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றன: மைக்ரோகிளியா தூண்டப்படுவது இதயத்துக்குக் கேடு, ஆகவே அவற்றை அடக்குவதே சிகிச்சை. இந்தக் கட்டுரை அம்முடிவை மறுக்கிறது. இதய நோயில் மைக்ரோகிளியாவுக்குப் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கான சான்று வலுவானது. ஆனால் அந்தப் பங்கு மூளையின் எந்தப் பகுதி, நோயின் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்துத் தலைகீழாகவே மாறிவிடுகிறது. 2022 முதல் 2024 வரை வெளிவந்த மூன்று ஆய்வுகளை முந்தையவற்றின் அருகில் வைத்துப் படிக்கும்போது, மூளை முழுவதிலும் இச்செல்களை ஒடுக்கும் மருந்தை மாரடைப்பு நோயாளிக்குக் கொடுப்பது தீமையில் முடியக்கூடும் என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

செல்லின் பிறப்பும் இயல்பும்

மைக்ரோகிளியாவைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டின் பியோ தெல் ரியோ ஒர்டேகா. நியூரானும் ஆஸ்ட்ரோசைட்டும் அல்லாத செல்களையெல்லாம் அவருடைய மூத்த சமகாலத்தவரான ரமோன் இ காஹால் ‘மூன்றாம் கூறு’ என்று ஒன்றாகச் சொல்லியிருந்தார். ரியோ ஒர்டேகா தாமே வகுத்த வெள்ளிக் கார்பனேட் சாயமுறையால் 1919இல் அந்தக் கூறை இரண்டாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, சிதைவைத் தேடி நகர்ந்து விழுங்கும் திறன் கொண்ட மைக்ரோகிளியா.

அதன் பின் வெகுகாலம் இச்செல்லுக்கு இரண்டே நிலைகள் என்று கருதப்பட்டது: கிளை விரித்து ஓய்ந்திருக்கும் நிலை, கிளை சுருக்கிப் போரிடும் நிலை. 2005இல் இந்தப் படம் குலைந்தது. உயிருள்ள சுண்டெலியின் மூளையை இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியால் பார்த்தபோது, ‘ஓய்ந்திருக்கும்’ மைக்ரோகிளியாவின் கிளைநுனிகள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்து நியூரான்களையும் இரத்த நாளங்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தன. மூளைத் திசு முழுவதையும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை அவை இப்படித் தடவி முடித்துவிடக்கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நலமான மூளையிலேயே இவ்வளவு வேலை பார்க்கும் செல்லை, நோயில் மட்டும் விழித்தெழும் படைவீரனாக எண்ணுவது பொருந்தாது. என் வாதத்தின் முதல் கால் இங்கேதான் ஊன்றியிருக்கிறது.

இன்னொரு செய்தியும் வேண்டும். இரத்தத்தில் ஓடும் மோனோசைட்டுகள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. மைக்ரோகிளியாவோ கருவின் தொடக்க நாட்களில் மஞ்சள்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, அங்கேயே தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன என்பது 2010இல் சுண்டெலிகளில் நிறுவப்பட்டது. ஒன்று உள்ளூர்வாசி, மற்றது வந்து சேர்வது. இதய நோயின்போது மூளையில் காணப்படும் அழற்சிச் செல் இவற்றில் எது என்ற கேள்வி பின்னால் முக்கியமாகும்.

மார்பிலிருந்து மூளைக்குச் செய்தி

காயம்பட்ட இதயத்தின் நிலை மூளைக்கு எப்படித் தெரிகிறது? நரம்பு ஒரு வழி. இதயத் தசையின் மேற்பரப்பில் வலியையும் வேதிமாற்றத்தையும் உணரும் நரம்பு முனைகள் தண்டுவடம் வழியே மேலே செய்தி அனுப்புகின்றன. எலிகளில் இந்த முனைகளை மட்டும் ஒரு மிளகாய்க் குடும்ப வேதிப்பொருளை ஒத்த நச்சால் மாய்த்துவிட்டபோது, மாரடைப்புக்குப் பிந்தைய இதய விரிவு குறைந்தது என்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இர்விங் ஸக்கரின் குழு 2014இல் காட்டியது. இரத்தம் இன்னொரு வழி. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களான சைட்டோகைன்கள் இரத்த–மூளைத் தடுப்பை எளிதில் கடப்பதில்லை. ஆனால் மூளையில் அந்தத் தடுப்பே இல்லாத சில சிறு வாயில்கள் உண்டு. மூன்றாம் மூளையறையின் கூரையையொட்டிய சப்ஃபார்னிகல் உறுப்பு அவற்றில் ஒன்று. அதைச் சிதைத்துவிட்டால் இரத்தத்தில் செலுத்திய சைட்டோகைன்களுக்கு மூளை காட்டும் எதிர்வினை வெகுவாகத் தணிகிறது என்பதை ஐயோவா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபெல்டர் குழு 2013இல் காட்டியது. ஆஞ்சியோடென்சின்-2 என்னும் ஹார்மோனும் இதே வாயிலில் நின்று உள்ளே தகவல் சொல்கிறது.

பி.வி.என்னுக்குள் நடப்பது

இந்த வழிகள் பெரும்பாலும் சென்று சேரும் இடம் ஹைபோதலாமஸின் பாராவென்ட்ரிகுலர் உட்கரு, சுருக்கமாக பி.வி.என். மூன்றாம் மூளையறையின் இரு சுவர்களையும் ஒட்டி, எலியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள நியூரான் கூட்டம் இது. இங்குள்ள நியூரான்களில் ஒரு பிரிவு நேராகத் தண்டுவடத்துக்கும் முகுளத்துக்கும் நார்களை அனுப்பிப் பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்குகிறது. அந்த முடுக்கலில் நாடித் துடிப்பு விரைகிறது, தமனிகள் இறுகுகின்றன, சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இரத்தப்போக்கின்போது உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. தளர்ந்த இதயத்தின் மேல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதே ஏற்பாடு இதயத்தைத் தின்கிறது. இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இரத்தத்தில் நார்எபிநெஃப்ரின் கூடக்கூட ஆயுள் குறைகிறது என்று ஜே கோன் 1984இல் காட்டினார். பீட்டா தடுப்பு மருந்துகள் உயிர் காக்கின்றன என்பதை 1999இல் வெளியான இரு பெரும் மருத்துவப் பரிசோதனைகள் நிறுவின.

மைக்ரோகிளியா இதில் நுழையும் இடத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பி.வி.என். நியூரான் ஒன்று தூண்டப்படும்போது அதன் சவ்வின் மின்னழுத்தம் ஏறத் தொடங்குகிறது. எல்லையைத் தொட்டால் அது மின்துடிப்பாக வெடிக்கும். ஏறிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் ஒரு வகைப் பொட்டாசியம் வாயில்கள் சட்டென்று திறந்து, நேர்மின் அயனிகளை வெளியேற்றி, ஏற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன. ஏ-வகை மின்னோட்டம் என்று இதைச் சொல்கிறார்கள். சாலையின் வேகத்தடைபோல இது துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விடவைக்கிறது. இது வலுவாக இருந்தால் நியூரான் நிதானமாகத் துடிக்கும், மெலிந்தால் அடுத்தடுத்துத் துடிக்கும். உயர் இரத்த அழுத்த எலிகளின் பி.வி.என்னில் பரிவு நரம்பை முடுக்கும் நியூரான்களில் இந்த மின்னோட்டம் மெலிந்திருப்பதை ஹாவியர் ஸ்டெர்னின் குழு 2008இல் அளந்து காட்டியது.

அதே குழுவினர் உட்பட்ட ஆய்வாளர்கள் 2016இல் மைக்ரோகிளியாவை இந்தக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். ஆஞ்சியோடென்சின்-2க்கான ஏற்பி மைக்ரோகிளியாவில் உள்ள டி.எல்.ஆர்.4 என்னும் மற்றோர் ஏற்பியோடு கைகோத்துச் செயல்படுகிறது என்றும், அதன் விளைவாக பி.வி.என்னில் கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன என்றும் அவர்கள் கண்டார்கள். டி.எல்.ஆர்.4 பாக்டீரியாவின் மேலுறையை அடையாளம் காண அமைந்த ஏற்பி. பாக்டீரியாவே இல்லாத இடத்தில், இரத்த அழுத்த ஹார்மோன் ஒன்று அதைத் தட்டி எழுப்புகிறது. கிருமிக்காக அமைந்த எச்சரிக்கை முறை இதயத்தின் கணக்கில் ஒலிக்கிறது.

அடக்கினால் என்ன ஆகும்? புளோரிடா பல்கலைக்கழகத்தில் மோகன் ரைசாடாவின் குழு 2010இல் செய்த சோதனை இத்துறையின் திருப்புமுனை. ஆஞ்சியோடென்சின்-2 செலுத்தப்பட்ட எலிகளின் மூளையறைக்குள் மினோசைக்ளின் என்னும் பழைய ஆன்டிபயாட்டிக்கைச் சொட்டவிட்டார்கள். மைக்ரோகிளியாவின் தூண்டல் தணிந்தது. இரத்த அழுத்தமும் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10ஐ பி.வி.என்னிலேயே கூடுதலாகச் சுரக்கச் செய்தபோதும் அதே பயன் கிடைத்தது. படோயர் குழு மாரடைப்பு எலிகளுக்கு மினோசைக்ளின் கொடுத்து, பி.வி.என். மைக்ரோகிளியா அமைதியடைவதை 2014இல் பதிவு செய்தது. மூளையில் அழற்சி, பரிவு நரம்பின் முறுக்கம், இதயத்தின் தளர்ச்சி என்று ஒரு சங்கிலி முழுமை பெற்றதுபோல் தோன்றியது.

கருவிகளின் ஐயம்

தோன்றியதுதான். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் எந்தக் கருவியால் நிறுவினார்கள் என்று கேட்டால் உறுதி குறைகிறது. மினோசைக்ளின் மைக்ரோகிளியாவை மட்டும் தொடும் மருந்தன்று. அது மைட்டோகாண்ட்ரியாவையும் திசுவைச் செரிக்கும் நொதிகளையும் நியூரான்களையும் பாதிக்கிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களைக் கொல்கிறது. அதன் பயன் எந்த வழியாக வந்தது என்பதை இரத்த அழுத்தமானியின் எண் மட்டும் சொல்லிவிடாது.

அடுத்த தலைமுறைக் கருவி சி.எஸ்.எஃப்.1 ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள். வயது வந்த மூளையின் மைக்ரோகிளியா இந்த ஏற்பியின் சமிக்ஞை இல்லாமல் வாழ முடியாது. தீவனத்தில் மருந்தைக் கலந்து கொடுத்தால் சில வாரங்களில் அவை ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடுகின்றன, மருந்தை நிறுத்தியதும் விரைவில் மீண்டும் பெருகுகின்றன என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கிம் கிரீனின் குழு 2014இல் காட்டியது. சிறந்த கருவிதான். ஆனால் இதே ஏற்பியை நம்பி வாழும் விழுங்கு செல்களான மேக்ரோஃபேஜ்கள் உடல் முழுதும் இருக்கின்றன, இதயத்திலும் இருக்கின்றன. இதய மேக்ரோஃபேஜ்கள் ஏட்ரியோ-வென்ட்ரிகுலர் கணுவின் தசைச் செல்களோடு மின் இணைப்பில் இருந்து துடிப்பு கடந்து செல்ல உதவுகின்றன என்று 2017இல் தெரிய வந்தது. மைக்ரோகிளியாவை அழிக்கக் கொடுத்த மருந்து இதயத்தின் மின்னோட்டத்தையே மாற்றக்கூடும் என்றால், அந்தச் சோதனையில் இ.சி.ஜி. காட்டும் மாற்றத்தை மூளையின் கணக்கில் எப்படி எழுதுவது?

அடையாளம் காண்பதிலும் இதே சிக்கல். பழைய ஆய்வுகள் நம்பிய சாயங்கள் மைக்ரோகிளியாவையும், மூளையின் இரத்த நாளங்களைச் சுற்றி வாழும் மேக்ரோஃபேஜ்களையும், வெளியிலிருந்து வந்த மோனோசைட்டுகளையும் ஒரே நிறத்தில் காட்டும். ஃபெல்டர் குழு 2010இல் நாளத்தைச் சுற்றிய மேக்ரோஃபேஜ்களை மட்டும் குளோட்ரோனேட் நச்சால் நீக்கியபோதே, மாரடைப்பு எலிகளில் பரிவு நரம்பின் முறுக்கம் தணிந்துவிட்டது. மைக்ரோகிளியாவின் பெயரில் எழுதப்பட்ட குற்றத்தில் எவ்வளவு அவற்றின் அண்டை வீட்டாருடையது என்பது இன்னும் தீராத கணக்கு.

மனிதரிடம் வரும்போது ஐயம் இரட்டிக்கிறது. ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் பெங்கலின் குழு டி.எஸ்.பி.ஓ. என்னும் புரதத்தை ஒளிரச் செய்யும் பெட் ஸ்கேன் கொண்டு இதயத்தையும் மூளையையும் ஒரே சமயத்தில் படம்பிடித்தது. 2018இல் வெளியான அந்த ஆய்வில், மாரடைப்புக்கு ஒரு வாரம் கழித்துச் சுண்டெலிகளின் இதயத்திலும் மூளையிலும் ஒருசேர ஒளி கூடியது, பின்னர் தணிந்தது, எட்டாம் வாரத்தில் இதயம் தளரத் தொடங்கியபோது மூளையில் மீண்டும் கூடியது. இந்த இரண்டு அலைகள் என்னும் செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆனால் டி.எஸ்.பி.ஓ. கூடுவது அழற்சி மைக்ரோகிளியாவின் அடையாளம் என்பது சுண்டெலிக்குப் பொருந்தும் அளவுக்கு மனிதருக்குப் பொருந்தவில்லை என்று நரம்புச் சிதைவு நோய்களை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று 2023இல் காட்டியது. மனித மைக்ரோகிளியா தூண்டப்பட்டாலும் அந்தப் புரதத்தைக் கூடுதலாகச் செய்வதில்லை. ஒளி கூடுவது செல்களின் எண்ணிக்கை கூடியதால் இருக்கலாம். ஆகவே நோயாளியின் ஸ்கேனில் தெரியும் ஒளியை ‘தீய மைக்ரோகிளியா’ என்று படிக்க நமக்கு உரிமையில்லை.

தலைகீழாகும் சான்று

இவையெல்லாம் கருவி சார்ந்த ஐயங்கள். நல்ல கருவி வந்தால் தீரலாம். என் மறுப்பின் நடுப்பகுதி வேறு. நல்ல கருவிகள் வந்தபோது கிடைத்த சான்று பழைய முடிவுக்கு எதிர்த்திசையில் சென்றது.

லாஸ் ஏஞ்சலிஸ் சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையத்திலிருந்து 2015இல் வந்த ஓர் ஆய்வு, மைக்ரோகிளியாவை அழித்துவிட்டால் ஆஞ்சியோடென்சின்-2 உண்டாக்கும் இரத்த அழுத்த உயர்வு தணிகிறது என்று கூறியது. அடக்குவோம் என்ற கட்சிக்கு அது பெரும் துணை. அதில் முக்கியப் பங்கேற்ற பெங் ஷி, சியாவோ ஷென் ஆகியோர் பின்னர் சீனாவின் ஹாங்ஜோவிலுள்ள செஜியாங் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்கள். 2022இல் அவர்கள் குழு வெளியிட்டது வேறு செய்தி: மைக்ரோகிளியா பி.டி.ஜி.எஃப்.-பி என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது, அது பி.வி.என். நியூரானின் ஏற்பியில் சேர்ந்து, கே.வி.4.3 என்னும் பொட்டாசியம் வாயில் புரதத்தின் அளவை உயர்த்துகிறது. நியூரானின் பொட்டாசியம் மின்னோட்டம் வலுக்கிறது. பரிவு நரம்பு அடங்கியிருக்கிறது. மைக்ரோகிளியாவின் இந்த உதவி பறிபோனபோது பரிவு நரம்பு முறுக்கேறியது, இரத்த அழுத்தம் கட்டுமீறியது. முன்பு எழுதியதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், சான்று காட்டிய பக்கம் சென்ற அந்தக் குழுவின் நேர்மையை மதிக்கிறேன்.

கே.வி.4.3 எந்த வாயில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டெர்ன் குழு 2008இல் மெலிந்திருக்கக் கண்ட ஏ-வகை மின்னோட்டத்தைக் கட்டும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அது. இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வேகத்தடையை நலமான மைக்ரோகிளியா கட்டுகிறது, அழற்சியுற்ற மைக்ரோகிளியா தேய்க்கிறது என்ற படம் கிடைக்கிறது. இதை அந்த ஆய்வுகள் இப்படிச் சேர்த்துச் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. சரியாயின் விளைவு தெளிவு. மைக்ரோகிளியாவை ஒட்டுமொத்தமாக நீக்கினால் தேய்க்கும் கையோடு கட்டும் கையும் போய்விடும். எது அதிகமாக வேலை செய்துகொண்டிருந்த கட்டத்தில் நீக்கினோம் என்பதைப் பொறுத்து இரத்த அழுத்தம் இறங்கலாம், ஏறலாம். 2015க்கும் 2022க்கும் இடையிலான முரண்பாட்டுக்கு முறைகளின் வேறுபாட்டோடு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அதே ஹாங்ஜோ குழு 2024இல் பி.வி.என். ஏன் குறிப்பாகப் பாதிக்கப்படுகிறது என்பதற்கும் விடை தந்தது. மூளையின் மற்றப் பகுதிகளைவிட அங்கே தந்துகிகள் நெருக்கம், குறுகலானவை, பின்னிப் பிணைந்தவை. இரத்த ஓட்டம் நிலைகுலையும்போது நாளங்களிலிருந்து வெளிப்படும் ஏ.டி.பி. அப்பகுதிக்குள் எளிதில் ஊடுருவுகிறது. மைக்ரோகிளியாவின் பி2ஒய்12 என்னும் ஏற்பி அதை உணர்ந்து அழற்சியைத் தொடங்குகிறது. மாரடைப்பு நோயாளிகள் அன்றாடம் விழுங்கும் குளோபிடோக்ரெல் இதே பி2ஒய்12ஐத்தான் தட்டணுக்களில் தடுக்கிறது. இத்தகைய மருந்துகள் மூளைக்குள் சென்றால் இதயத்துக்கு நன்மை என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. மைக்ரோகிளியா தன் கிளைகளைக் காயத்தை நோக்கி நீட்டுவதற்கும் இந்த ஏற்பிதான் வேண்டும்.

மூன்றாவது ஆய்வு நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளியிலிருந்து, கேமரன் மெக்கல்பைனின் குழுவினுடையது. 2024 அக்டோபரில் வெளியானது. அடக்கும் கொள்கைக்கு இதைவிடப் பெரிய சவாலை நான் கண்டதில்லை. மாரடைப்புக்குப் பின் சுண்டெலிகள் கூடுதலாகத் தூங்கின. ஆழ்ந்த, மந்த அலைத் தூக்கம் மிகுந்தது. காரணத்தைத் தேடியபோது, மைக்ரோகிளியா இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகளை மூளைக்குள் வரவழைத்தது தெரிந்தது. வந்த மோனோசைட்டுகள் தலாமஸின் பக்கப் பின் உட்கருவில் சேர்ந்து டி.என்.எஃப். சுரந்தன. அந்த டி.என்.எஃப். அங்குள்ள நியூரான்களில் பட்டு உறக்கத்தை ஆழமாக்கியது. ஆழ்ந்த உறக்கத்தில் பரிவு நரம்பு தளர்ந்தது, இதயத்துக்குள் அழற்சிச் செல்கள் நுழைவது குறைந்தது, காயம் ஆறியது. அந்த உறக்கத்தைக் கெடுத்தபோது இதயத்தின் செயல்திறன் குன்றியது. தானாகவே வென்ட்ரிகுலர் விரைதுடிப்பு தோன்றியது. மனிதரிலும் கடுமையான கரோனரி நோய்த் தாக்குதலுக்குப் பிந்தைய வாரங்களில் சரியாகத் தூங்காதவர்களுக்கு மறுதாக்குதல்கள் மிகுந்தன, இதயம் தேறுவதும் குறைந்தது.

டி.என்.எஃப். பி.வி.என்னில் பரிவு நரம்பை முடுக்குகிறது. தலாமஸில் உறக்கத்தின் வழியாக அதே நரம்பைத் தளர்த்துகிறது. மூலக்கூறு ஒன்று, நோய் ஒன்று, விளைவு எதிரெதிர். முதல் வாரங்களில் மைக்ரோகிளியாவின் அழைப்பை வாயடைக்கும் மருந்து, இதயம் ஆறுவதற்கு மூளை செய்யும் ஏற்பாட்டையே கெடுத்துவிடலாம். ஹானோவர் ஆய்வின் முதல் அலை ஆறுதலின் பகுதியாகவும், இரண்டாம் அலை தளர்ச்சியின் பகுதியாகவும் இருக்கக்கூடுமோ என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. அந்த ஸ்கேன் எந்தப் பகுதியில் எந்தச் செல் என்று பிரித்துச் சொல்லாததால் இதை நான் கேள்வியாகவே வைக்கிறேன்.

சிகிச்சைக்கு வரும்போது

மூளையிலிருந்து வரும் பரிவு நரம்பை ஒரேயடியாக அணைத்துப் பார்த்த அனுபவம் மருத்துவத்துக்கு ஏற்கெனவே உண்டு. மோக்ஸோனிடின் என்னும் மருந்து முகுளத்தில் செயல்பட்டுப் பரிவு நரம்பைத் தணிப்பது. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இதைச் சோதித்த மோக்ஸ்கான் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2003இல் வெளியானது. 1,934 நோயாளிகள். மருந்து பெற்றவர்களில் 54 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 32 பேர். நார்எபிநெஃப்ரின் இறங்கியது, ஆயுள் கூடவில்லை. தளர்ந்த இதயம் அந்த முடுக்கலை ஓரளவு ஊன்றுகோலாகவும் பிடித்திருக்கிறது. பீட்டா தடுப்பு மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றும் வழக்கம் இந்த உண்மையை மதித்தே வந்தது. மூளையின் அழற்சியை அணைக்க விரும்புவோர் மோக்ஸ்கானைப் படிக்காமல் மேலே செல்லக் கூடாது.

டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்துகளின் கதையும் இதனருகில் வர வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப், எட்டனர்செப்ட் ஆகிய இரண்டும் இதயச் செயலிழப்பில் சோதிக்கப்பட்டு 2003லும் 2004லும் தோல்வி கண்டன. முன்னதன் உயர்ந்த அளவு நோயாளிகளுக்குத் தீங்கே செய்தது. பெரிய புரத மூலக்கூறுகளான இவை மூளைக்குள் நுழைவதில்லை, அதனால்தான் தோற்றன, நுழையும் மருந்து செய்தால் வெல்லும் என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூளைக்குள் நுழையும் டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து பி.வி.என்னில் மட்டும் நின்றுவிடாது, தலாமஸுக்கும் போகும். மவுண்ட் சைனாய் சான்றுக்குப் பிறகு அந்த வாதத்தை மாற்றமின்றி வைத்திருக்க முடியாது.

மருந்துக்குக் காத்திராமல் இன்றே செய்யத்தக்க ஒன்று உண்டு. இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் இரவை யாரும் தூங்கும் இரவு என்று சொல்ல முடியாது. மானிட்டரின் ஒலி, விடிய விடிய எரியும் விளக்கு, நள்ளிரவில் இரத்த மாதிரி, நான்கு மணிக்கு இரத்த அழுத்தம். நோயாளியின் மைக்ரோகிளியா உறக்கத்தை வரவழைக்க முயலும் நாட்களில் நாம் அந்த உறக்கத்தை உடைத்துக்கொண்டிருக்கிறோம். அவசரமில்லாத சோதனைகளை விடியலுக்குத் தள்ளுவதும், தேவையற்ற எச்சரிக்கை ஒலிகளைத் தணிப்பதும் செலவில்லாதவை. மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் இரவின் மெலடோனின் சுரப்பைக் குறைக்கின்றன என்பதும் தெரிந்ததே. உயிர் காக்கும் அந்த மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு வரும் தூக்கக்கேட்டைச் சிறு பக்கவிளைவு என்று ஒதுக்குவதை நிறுத்த வேண்டும்.

இனி எந்த மைக்ரோகிளியா மருந்தும் இதய நோயாளியை அடையும் முன் விலங்கில் கடக்க வேண்டிய சோதனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான சான்று இளம் ஆண் எலிகளிலிருந்து வந்தது. மாரடைப்பு வருவதோ முதுமையோடு மாறிவிட்ட மைக்ரோகிளியா உள்ளவர்களுக்கு. மருந்தை முதல் வாரத்தில் தொடங்கிய குழுவும் எட்டாம் வாரத்தில் தொடங்கிய குழுவும் தனித்தனியாக இருக்க வேண்டும், இரு பாலும் முதிய விலங்குகளும் இடம்பெற வேண்டும். இதய மேக்ரோஃபேஜ்கள் குறைந்தனவா என்று ஒவ்வொரு விலங்கிலும் எண்ண வேண்டும். பி.வி.என்னையும் தலாமஸையும் தனித்தனியே குறிவைக்கும் மரபணு முறைகள் இப்போது கையில் உள்ளன. மூளையறைக்குள் மருந்தைச் சொட்டிவிட்டுப் பொதுவாகப் பேசுவது இனிப் போதாது. மனிதரில் தொடங்கும் முதல் பரிசோதனை இரத்த அழுத்தத்தையும் இதயத்தின் வெளியேற்றத் திறனையும் அளப்பதோடு, மூளை மின்னலைப் பதிவால் ஒவ்வோர் இரவின் ஆழ்ந்த உறக்கத்தையும், இடைவிடாத இ.சி.ஜி.யால் துடிப்பின் ஏற்ற இறக்கத்தையும் அளந்தே தீர வேண்டும். உறக்கம் குறைந்த குழுவில் அழுத்தம் இறங்கியிருந்தாலும், பரிசோதனையை நிறுத்தும் அதிகாரம் கண்காணிப்புக் குழுவுக்குத் தொடக்கத்திலேயே எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும்.